அண்ட நுண்ணலைப் பின்னணி துகள்களைப் பற்றி எவ்வளவு தூரம் பேசும்?

நெடுவழி (கேள்வி):

முதுகலை இயற்பியல் பயிலும் மாணவன் நான். துகள் இயற்பியலின் அடிப்படைகளை ஓரளவு முறையாகப் படித்திருக்கிறேன். அண்டவியலுக்குள் இப்போதுதான் காலடி வைத்திருக்கிறேன். பெருவெடிப்பின் எச்சமாக வானமெங்கும் நிறைந்திருக்கும் அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைப் பற்றிய பாடங்களில், நியூட்ரினோ வகைகள் மூன்றுதான் என்பதையும், அவற்றின் நிறைகளைக் கூட்டினால் 0.12 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது என்பதையும் பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகள் காட்டுகின்றன என்ற வரிகள் விளக்கம் ஏதுமின்றி வந்து போகின்றன. இங்கேதான் எனக்கு இடறுகிறது.

இன்று 2.725 கெல்வின் வெப்பநிலையில் இருக்கும் இந்தக் கதிர்வீச்சின் ஒரு ஃபோட்டானுக்குச் சராசரியாக 0.0006 எலக்ட்ரான் வோல்ட் அளவே ஆற்றல் உண்டு. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் அது கட்டவிழ்ந்து புறப்பட்டபோதுகூட பிரபஞ்சத்தின் வெப்பநிலை 3000 கெல்வின்தான்; ஆற்றல் கணக்கில் அது கால் எலக்ட்ரான் வோல்ட். இவ்வளவு குளிர்ந்த ஒளி, மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலும் அதற்கு மேலும் நடந்தவற்றை எப்படித் தன்னுள் வைத்திருக்க முடியும்?

குறிப்பாகக் கேட்பதானால், அந்தக் காலத்தில் நியூட்ரினோக்கள் எதனோடும் மோதவில்லை. மோதாத ஒன்று ஒளியில் எப்படித் தடம் பதிக்கும்? பதித்தாலும் அது நியூட்ரினோவின் தடம்தான் என்று எதை வைத்துச் சொல்வது? டிரிட்டியத்தின் பீட்டாச் சிதைவை நேரடியாக அளக்கும் காட்ரின் ஆய்வே 0.45 எலக்ட்ரான் வோல்ட் என்ற மேல்வரம்பில் நிற்கும்போது, வானத்தைப் பார்ப்பவர்கள் அதைவிட இறுக்கமான வரம்பை எந்தத் துணிவில் சொல்கிறார்கள்? மாதிரியை முதலில் நம்பிவிட்டு அதற்குள்ளேயே விடையைத் தேடும் வட்ட வாதமாக அது ஆகிவிடாதா? எந்த அளவீடு எதைத் தீர்மானிக்கிறது என்பதை யாரேனும் படிப்படியாக விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

அலைமுகடு (மறுமொழி):

உங்கள் முதல் ஐயத்திற்கான விடை ஈர்ப்பு என்ற ஒன்றுதான். எதனோடும் மோதாத துகளுக்கும் ஆற்றல் உண்டு. ஆற்றல் உள்ள எதுவும் பிரபஞ்சம் விரியும் வேகத்தைத் தீர்மானிப்பதில் தன் பங்கைச் செலுத்தியே தீரும். நுண்ணலைப் பின்னணியைக் கொண்டு துகள் இயற்பியல் செய்கிறோம் என்றால், பெரும்பாலும் அந்தப் பங்கை எடைபோடுகிறோம் என்றே பொருள். ஒளியின் ஆற்றல் குறைவாக இருப்பது இதற்குத் தடையே அல்ல, ஏனெனில் நாம் அந்த ஒளியைக் கொண்டு எதையும் உடைத்துப் பார்ப்பதில்லை.

பிரபஞ்சம் ஏறத்தாழ ஒரு நொடி வயதை எட்டியபோது, வெப்பநிலை ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்க, நியூட்ரினோக்கள் மற்றவற்றோடு மோதுவதை நிறுத்திக்கொண்டன. அதற்குச் சற்றுப் பின் எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு தங்கள் ஆற்றலை ஃபோட்டான்களுக்கு மட்டும் கொடுத்தன. முன்பே விலகிவிட்ட நியூட்ரினோக்களுக்கு அந்தச் சூடு கிடைக்கவில்லை. ஆகவே நியூட்ரினோவின் வெப்பநிலை ஃபோட்டானின் வெப்பநிலையில் 4/11-இன் கனமூல மடங்காக, அதாவது 0.714 மடங்காக நின்றுவிட்டது. இன்றைய கணக்கில் அது 1.95 கெல்வின். ஒரு கன சென்டிமீட்டரில் பின்னணி ஃபோட்டான்கள் 411 இருக்கின்றன என்றால், மூன்று வகைகளையும் எதிர்த்துகள்களையும் சேர்த்து நியூட்ரினோக்கள் சுமார் 336 இருக்கின்றன. கதிர்வீச்சுக் காலத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 41 விழுக்காடு இவற்றுடையது. ஒளி விடுபட்ட தருணத்தில்கூட, பருப்பொருளையும் சேர்த்துக் கணக்கிட்டால், பத்தில் ஒரு பங்கு நியூட்ரினோக்களிடம் இருந்தது. பத்தில் ஒரு பங்கை யாரும் காணாமல் விட்டுவிட முடியாது.

இந்தப் பங்கைக் குறிக்கும் எண்ணையே நியூட்ரினோக்களின் பயனுறு எண்ணிக்கை என்கிறோம். துகள் இயற்பியலின் திட்ட மாதிரி எதிர்பார்ப்பது மிகச் சரியாக 3 அன்று, 3.044, எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் அழிந்துகொண்டிருந்த வேளையில் நியூட்ரினோக்கள் முற்றிலும் விலகியிருக்கவில்லை என்பதால், அந்தச் சூட்டில் சிறு துளி அவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. பிளாங்க் குழுவின் 2018-ஆம் ஆண்டு முடிவு, விண்மீன் மண்டலப் பரவல் அளவீடுகளோடு சேர்த்து, 2.99 என்றும் பிழை வரம்பு 0.17 என்றும் சொல்கிறது.

இதை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனெனில் பாடநூல்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். ஒளி விடுபடுவதற்கு முன் ஃபோட்டான்களும் எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் ஒரே பிளாஸ்மாவாக இருந்தன. அதில் ஒலி அலைகள் ஓடின. அதுவரை ஓர் ஒலி அலை கடந்திருக்கக்கூடிய தொலைவு வானத்தில் ஒரு கோணமாகத் தெரிகிறது. அந்தக் கோணத்தைப் பிளாங்க் 0.03 விழுக்காடு துல்லியத்தில் அளந்திருக்கிறது. இதைத் தவிர இன்னொரு நீளமும் உண்டு. ஃபோட்டான்கள் எலக்ட்ரான்களில் மோதி மோதி, குடித்தவர் நடைபோல் திக்கின்றித் தள்ளாடி நகர்ந்த தொலைவு அது. அதைவிடச் சிறிய அலைகள் எல்லாம் மழுங்கிப்போயின. ஒலி அலையின் தொலைவு, கிடைத்த நேரத்திற்கு நேர்விகிதத்தில் வளரும். திக்கற்ற நடையின் தொலைவோ நேரத்தின் இருமடி மூலத்தைப் பொறுத்தே வளரும்.

இப்போது நியூட்ரினோ போன்ற ஏதோ ஒன்றை அதிகமாக்கினால் விரிவு வேகம் கூடும், கிடைக்கும் நேரம் குறையும், இரண்டு நீளங்களும் சுருங்கும். ஆனால் ஒலியின் நீளம் அதிகமாகவும் மழுங்கல் நீளம் குறைவாகவும் சுருங்கும். ஒலியின் கோணத்தை அளவீடு இறுக்கிப் பிடித்திருப்பதால், அதற்கு ஏற்ப வானத்தின் தொலைவைச் சரிசெய்தாக வேண்டும். அப்படிச் சரிசெய்த பின் மழுங்கல் கோணம் முன்பைவிடப் பெரியதாகிவிடுகிறது. ஆகவே, கூடுதல் கதிர்வீச்சு இருந்தால், வானத்தின் ஏற்றத்தாழ்வு எந்தக் கோண அளவில் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான திறன் நிறமாலையின் வலது கோடியில், சிறு கோணங்களில், முகடுகள் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்திருக்கும். இரண்டு நீளங்களின் விகிதத்தைத்தான் அளக்கிறோம் என்பதால், தொலைவைப் பற்றிய ஐயங்கள் இதில் பெரும்பாலும் அடிபட்டுப் போகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹீலியம் அதிகமாக இருந்தாலும் இதே மழுங்கல் கூடும். ஹீலியம் எலக்ட்ரான்களை ஹைட்ரஜனுக்கு முன்பே பிடித்துக்கொள்வதால், கட்டற்ற எலக்ட்ரான்கள் குறைந்து ஃபோட்டான்கள் அதிக தூரம் தள்ளாடும். மழுங்கலை மட்டும் பார்த்தால், ஹீலியமா நியூட்ரினோவா என்று பிரித்துச் சொல்வது கடினம். இதைப் பிரிக்கும் தடயத்தை 2004-இல் பாஷின்ஸ்கியும் செல்யாக்கும் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிளாஸ்மாவில் ஒலியின் வேகம் ஒளியின் வேகத்தில் 1/√3 பங்கு அளவே. நியூட்ரினோக்களோ ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் தடையின்றிப் பாய்ந்தன. ஒலி அலைக்கு முன்னால் ஓடிவிட்ட நியூட்ரினோக்களின் ஈர்ப்பு, பின்னால் வரும் அலையைச் சிறிதளவு முன்னோக்கி இழுக்கிறது. அதனால் முகடுகள் எல்லாம் சற்றே பெரிய கோணத்தின் பக்கம் நகர்ந்து நிற்கின்றன. ஹீலியத்தால் இதைச் செய்ய இயலாது. ஒலியைவிட வேகமாகச் செல்லும் ஒன்று இருந்தால்தான் அலையின் கட்டம் இப்படி நகரும். பிளாங்கின் தரவுகளில் இந்த நகர்வு இருப்பதை ஃபாலின், நாக்ஸ், மில்லியா, பான் ஆகியோர் 2015-இல் காட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் அழகாகத் தோன்றும் முடிவு இது. எந்தக் கருவியும் தொட்டுப் பார்த்திராத ஒரு நியூட்ரினோக் கடல், தன் வேகத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

நியூட்ரினோதான் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாகப் பேசினால், நுண்ணலைப் பின்னணி அப்படிப் பெயர் சொல்லவில்லை. இவ்வளவு ஆற்றலோடு, ஒளியின் வேகத்தில், தடையின்றிப் பாயும் ஏதோ ஒன்று இருந்தது என்று மட்டுமே சொல்கிறது. பெயரை நாம் ஆய்வகத்திலிருந்து கொண்டுவருகிறோம். செர்னில் இயங்கிய லெப் முடுக்கி, வலுவற்ற விசையைக் கடத்தும் இசட் போசான் கண்ணுக்குத் தெரியாமல் சிதையும் வீதத்திலிருந்து இலகுவான நியூட்ரினோக்களின் எண்ணிக்கையை 2.984 என்றும் பிழை 0.008 என்றும் அளந்தது. பிழையைப் பார்த்தால் லெப்பின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் இரண்டும் எண்ணுவது வெவ்வேறு கூட்டங்களை. இசட் போசானோடு பிணையக்கூடியவையும் அதன் நிறையில் பாதிக்குக் குறைந்த நிறை உள்ளவையும் மட்டுமே லெப்பின் கணக்கில் வரும். இசட் போசானைத் திரும்பியும் பார்க்காத ஒரு துகள்கூட, ஆற்றலைச் சுமந்திருந்தால் வானத்தின் கணக்கில் வந்துவிடும். இருவேறு கூட்டங்களை எண்ணிய இருவரும் ஒரே எண்ணில் வந்து நிற்பதுதான் இங்கே செய்தி.

இதன் பயன் உடனடியானது. குறுகிய தொலைவு நியூட்ரினோ ஆய்வுகள் சிலவற்றில் தெரிந்த முரண்களை விளக்குவதற்காக, ஏறத்தாழ ஒரு எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள நான்காவது, மலட்டு நியூட்ரினோ (வலுவற்ற விசையிலும் நேரடியாகப் பங்கேற்காதது) ஒன்று முன்வைக்கப்பட்டது. அது மற்றவற்றோடு முழுவதுமாக வெப்பச் சமநிலைக்கு வந்திருந்தால் பயனுறு எண்ணிக்கை 4-ஐ ஒட்டி இருந்திருக்கும். பிளாங்கின் அளவீட்டிலிருந்து அது ஆறு பிழை வரம்புகள் தள்ளி நிற்கிறது.

வில்லைக்கோட்டம் (மறுமொழி):

எண்ணிக்கையைப் பற்றி அலைமுகடு தெளிவாகச் சொல்லிவிட்டார். நிறையைப் பற்றிய கேள்விக்கு நான் விடை தர முயல்கிறேன். அங்கே நிலைமை அவ்வளவு சுத்தமாக இல்லை.

ஒளி விடுபட்ட காலத்தில் ஒரு நியூட்ரினோவின் சராசரி ஆற்றல் 0.6 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருந்தது. நிறை அதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தால், அப்போது அது நிறையற்ற துகளைப் போலவே நடந்துகொண்டிருக்கும். ஆகவே, 0.1 எலக்ட்ரான் வோல்ட் போன்ற நிறைகளைப் பற்றி ஒளி விடுபட்ட கணத்தின் படம் நேரடியாக அதிகம் சொல்லாது. தடம் பதிவது அதற்குப் பின், ஒளி நம்மை நோக்கி வரும் வழியில்.

விரிவினால் வேகம் குறைந்த பின் நியூட்ரினோக்கள் பருப்பொருளின் கணக்கில் சேர்கின்றன; ஆனாலும் சிறிய அளவுகளில் ஓரிடத்தில் திரளாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பருப்பொருளில் ஒரு பகுதி திரள மறுத்தால், மற்றவை திரளும் வேகமும் குறையும். நியூட்ரினோவின் பங்கு எவ்வளவோ, அதைப் போல் சுமார் எட்டு மடங்கு பருப்பொருளின் திறன் நிறமாலை சிறு அளவுகளில் தாழும் என்பது கைக்கணக்கு. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுவதை அளக்கும் அலைவு ஆய்வுகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த நிறைக் கூட்டுத்தொகையான 0.06 எலக்ட்ரான் வோல்ட்டை எடுத்துக்கொண்டால், பருப்பொருளில் நியூட்ரினோவின் பங்கு அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. தாழ்வு மூன்றரை விழுக்காட்டை ஒட்டி வரும். இவ்வளவு இலகுவான துகள் இவ்வளவு பெரிய விளைவை உண்டாக்குவதற்கு அதன் எண்ணிக்கையே காரணம்.

இந்தத் தாழ்வை நுண்ணலைப் பின்னணியே காட்டுகிறது. வழியில் உள்ள பருப்பொருள் திரள்கள் ஒளியைச் சற்று வளைப்பதால், நாம் காணும் புள்ளிகள் ஒவ்வொன்றும் தம் உண்மையான இடத்திலிருந்து இரண்டு மூன்று வில்நிமிடம் விலகித் தெரிகின்றன. இந்த ஈர்ப்புவில்லை விளைவு தரவுகளில் தெளிவாகவே அளக்கப்பட்டுவிட்டது. வளைவு குறைவாக இருந்தால் திரட்சி குறைவு. திரட்சி குறைந்தால் நியூட்ரினோவின் நிறை அதிகம். பிளாங்கின் அளவீடுகளோடு விண்மீன் மண்டலப் பரவலிலிருந்து பெற்ற தொலைவுகளையும் சேர்த்துக் கிடைத்ததுதான் நீங்கள் குறிப்பிட்ட 0.12 என்ற, 95 விழுக்காட்டு நம்பிக்கையுள்ள வரம்பு.

இனி உங்கள் வட்ட வாதக் கேள்விக்கு வருகிறேன். அது வட்ட வாதம் அன்று, நிபந்தனையுள்ள முடிவு. திரட்சி தாழ்ந்திருக்கிறது என்று சொல்வதற்கு, தாழாவிட்டால் எவ்வளவு இருந்திருக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தொடக்க ஏற்றத்தாழ்வுகளின் வீச்சு தேவை. அந்த வீச்சோ, முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கியபோது மீண்டும் விடுபட்ட எலக்ட்ரான்களில் ஒளி சிதறிய அளவோடு பின்னிப் பிணைந்தே கிடைக்கிறது. அந்தச் சிதறலின் அளவைப் பெருங்கோணத் தளவிளைவிலிருந்து (ஒளி அலைகள் ஒரு குறிப்பிட்ட தளத்தில் கூடுதலாக அதிர்வதே தளவிளைவு) பிளாங்க் 0.054 என்றும் பிழை 0.007 என்றும் கணித்தது. பார்ப்பதற்குச் சிறிய பிழைதான். ஆனால் தொடக்க வீச்சில் அது ஒன்றரை விழுக்காடு அளவுக்கு ஐயத்தை உண்டாக்குகிறது, மூன்றரை விழுக்காட்டுத் தாழ்வைத் தேடும் ஒருவருக்கு அது அற்பமானதன்று. பெரிய தொலைநோக்கிகள் எத்தனை கட்டினாலும், இந்த ஒரு எண் கூர்மையடையாதவரை நியூட்ரினோவின் நிறை அளவீடு ஓரளவுக்கு மேல் முன்னேறாது.

காட்ரினோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். காட்ரின் அளப்பது எலக்ட்ரான் நியூட்ரினோவின் பயனுறு நிறையை; அண்டவியல் அளப்பது மூன்று நிறைகளின் கூட்டுத்தொகையை. காட்ரினின் 0.45 என்ற வரம்பைக் கூட்டுத்தொகையாக மாற்றினால் ஏறத்தாழ 1.35 ஆகும், ஆக இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. ஆனால் காட்ரினின் எண் பீட்டாச் சிதைவின் ஆற்றல் கணக்கைத் தவிர வேறெதையும் நம்பியிருப்பதில்லை. அண்டவியலின் எண் இருண்ட ஆற்றல் மாறாதது, ஈர்ப்பு விதி ஐன்ஸ்டைன் சொன்னதே, நியூட்ரினோ நிலையானது என்ற பல ஊகங்களின் மேல் நிற்கிறது. இறுக்கமான எண்ணே சிறந்த எண் என்று நான் கருதவில்லை.

அண்மை நிகழ்வு ஒன்று இதை நன்றாகவே உணர்த்துகிறது. டெசி ஆய்வு தந்த விண்மீன் மண்டலத் தொலைவுகளை நுண்ணலைப் பின்னணியோடு சேர்த்தபோது வரம்பு 2024-இல் 0.072 ஆகவும், 2025-இல் 0.064 ஆகவும் இறங்கியது. அலைவு ஆய்வுகள் சொல்லும் அடிமட்டம் 0.06-ஐ ஒட்டியது, நிறை வரிசை தலைகீழாக (இரண்டு கனமாகவும் ஒன்று இலகுவாகவும்) இருந்தால் அடிமட்டமே 0.10. எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் தலைகீழ் வரிசை விழுந்துவிட்டது, நேர் வரிசைக்கும் மூச்சு முட்டுகிறது. நிறை எதிர்க்குறியோடு இருக்கலாம் என்று கணக்கில் அனுமதித்தால், தரவுகள் எதிர்க்குறிப் பக்கமே சாய்கின்றன. இயற்கையில் அதற்கு இடமில்லை. ஆனால் இருண்ட ஆற்றல் காலத்தோடு மாறலாம் என்று ஒரு தளர்வு கொடுத்தால், அதே தரவுகளில் வரம்பு 0.16 வரை ஏறிவிடுகிறது. தலைகீழ் வரிசை மறுக்கப்பட்டுவிட்டது என்று இப்போதே எழுதுபவர்கள் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. மாதிரியில் எங்கோ ஒரு மூலை பொருந்தவில்லை என்பதே இப்போதைக்கு நியாயமான வாசிப்பு.

நெடுவழி:

இருவருக்கும் மிக்க நன்றி. கட்ட நகர்வைப் பற்றிய விளக்கம் எனக்கு முற்றிலும் புதியது. தொடர்ந்து ஒன்று கேட்கலாமா? இதுவரை சொன்னவை எல்லாம் நமக்கு முன்பே தெரிந்த துகள்களைப் பற்றியவை. தெரியாத துகள்களைப் பற்றி, முடுக்கிகளால் எட்ட முடியாத ஆற்றல்களைப் பற்றி இந்தக் கதிர்வீச்சு உண்மையிலேயே ஏதேனும் சொல்லியிருக்கிறதா, அல்லது எல்லாம் எதிர்காலத்துக்கான வாக்குறுதிகள்தானா?

துகள்வேட்டை (மறுமொழி):

வாக்குறுதிகளும் உண்டு, கைக்கு வந்தவையும் உண்டு. கைக்கு வந்தவற்றில் முதலிடம் இருண்ட பொருளுக்கே. திறன் நிறமாலையின் ஒற்றைப்படை முகடுகளும் இரட்டைப்படை முகடுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு உயரம் என்பதிலிருந்து, ஒளியோடு ஒட்டிக்கொண்டு அலைந்த சாதாரணப் பருப்பொருளையும், ஒளியைப் பொருட்படுத்தாமல் ஈர்ப்பை மட்டும் தந்த இன்னொன்றையும் தனித்தனியே எடைபோட முடிகிறது. இரண்டாவது முதலாவதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். ஒளி விடுபடுவதற்கு முன்பே அது அங்கே இருந்தது என்பதால், விண்மீன்களின் எச்சம், மங்கிய கோள்கள் போன்ற விளக்கங்களுக்கு இடமே இல்லாமல் போகிறது.

அந்தப் பொருள் எத்தகைய துகள் என்பதைப் பற்றியும் ஓர் உறுதியான எதிர்மறை விடை கிடைத்திருக்கிறது. இருண்ட பொருளின் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிறக்கும் எலக்ட்ரான்களும் ஃபோட்டான்களும், அப்போதுதான் நடுநிலையான வாயுவை மீண்டும் சிறிது அயனியாக்கும். ஒளி விடுபட்ட பின் எஞ்சிய கட்டற்ற எலக்ட்ரான்கள் பத்தாயிரத்தில் சிலவே என்பதால், அதில் சிறு கூடுதல் ஏற்பட்டாலும் சிதறல் கூடும், முகடுகள் மங்கும், தளவிளைவு பெருங்கோணங்களில் மாறும். அத்தகைய மாற்றம் தெரியவில்லை. ஆகவே, இன்று காணும் அளவு இருண்ட பொருளை எஞ்சவிடுவதற்குத் தேவையான வீதத்தில், வேகத்தைச் சாராமல் அழிந்துகொள்ளும் துகள் 10 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைந்த நிறையோடு இருக்க முடியாது; அழிவில் பிறப்பவை நியூட்ரினோக்கள் மட்டும் என்றால்தான் அது தப்பிக்கும். இந்த முடிவின் சிறப்பு என்னவென்றால், விண்மீன் மண்டலத்தின் மையத்தில் இருண்ட பொருள் எப்படிக் குவிந்திருக்கிறது என்ற தீராத சண்டைக்கு இதில் இடமில்லை. அந்தக் காலத்தில் அது ஏறத்தாழ சீராகப் பரவியிருந்தது.

எதிர்காலத்தைப் பொறுத்தவரை, எனக்கு மிகவும் பிடித்தது மீண்டும் அந்தப் பயனுறு எண்ணிக்கைதான். இதுவரை கருத்தளவில் மட்டுமே உள்ள ஆக்சியான் போன்ற ஓர் இலகுவான துகள், தொடக்கத்தில் மற்ற அனைத்தோடும் வெப்பச் சமநிலையில் இருந்து, டாப் குவார்க் அழிவதற்கும் முன்பே விலகிவிட்டது என்று கொள்வோம். அதன் பின் டாப் குவார்க், ஹிக்ஸ், டபிள்யூ, இசட் என்று கனமான துகள்கள் வரிசையாக அழிந்து, தம் சூட்டை எஞ்சியவற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகின்றன. விலகிப்போன துகளுக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் 106.75 ஆக இருந்த கட்டின்மை எண் (வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் துகள் நிலைகளின் எண்ணிக்கை) நியூட்ரினோ விலகும்போது 10.75 ஆகக் குறைந்திருக்கும். இந்த இரண்டின் விகிதத்தை 4/3 அடுக்குக்கு உயர்த்தி 4/7-ஆல் பெருக்கினால், தற்சுழற்சி இல்லாத ஒரே ஒரு துகளுக்கு 0.027 கிடைக்கும். கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, ஆனால் அதன் பொருள் பெரியது. எவ்வளவு முன்னதாக விலகியிருந்தாலும், நமக்குத் தெரிந்த துகள்கள் மட்டுமே அந்தச் சூட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தால், அதன் பங்கு இந்த எண்ணுக்குக் கீழே இறங்காது. 0.027-ஐ உறுதியாக அளக்கும் கருவி ஒன்று கிடைத்து, எதுவும் தெரியவில்லை என்றால், என்றேனும் சமநிலையில் இருந்த இலகுவான துகள்கள் அனைத்தையும் ஒரேயடியாக மறுத்துவிடலாம்.

இப்போதைய பிழையான 0.17 அதற்கு ஆறு மடங்கு பெரியது. மியுவான்கள் அழிந்த பிறகு விலகிய துகள் என்றால் பங்கு 0.57 ஆகியிருக்கும், அது இன்றைய தரவுகளிலேயே மூன்று பிழை வரம்புகளுக்கு மேல் மறுக்கப்பட்டுவிட்டது. இடைப்பட்ட நிலம் திறந்தே கிடக்கிறது. சிலியின் அட்டகாமா மேட்டுநிலத்தில் 5200 மீட்டர் உயரத்தில் இயங்கும் சைமன்ஸ் ஆய்வகம் இந்த இடைவெளியைக் குறைக்கும். 0.03-ஐ நோக்கித் திட்டமிடப்பட்டிருந்த நான்காம் தலைமுறைத் தரைத் திட்டத்திற்கு அமெரிக்க எரிசக்தித் துறையும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் 2025-இல் ஆதரவை விலக்கிக்கொண்டதை, என் பார்வையில் இத்துறைக்கு நேர்ந்த பெரிய இழப்பாகவே சொல்வேன்.

பிரபஞ்சம் தன் முதல் கணத்தில் மிக வேகமாக விரிந்ததாகக் கருதப்படும் அண்டப் பெருவீக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதி ஈர்ப்பலைகள் தளவிளைவில் ஒரு சுழல் வடிவத்தைப் பதிக்கும். அதன் வலிமை பெருவீக்கம் நடந்த ஆற்றலை நேரடியாகச் சொல்லிவிடும். 2014-இல் பைசெப்-2 குழு அதைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. 2015-இல் பிளாங்கோடு சேர்ந்து செய்த பகுப்பாய்வில், அந்த அடையாளத்திற்கு நம் விண்மீன் மண்டலத்தின் தூசியே போதுமானது என்று தெரிந்தது. 2021-இல் பைசெப் மற்றும் கெக் குழுவின் முடிவு, அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளோடு ஒப்பிட்டால் ஈர்ப்பலைகளின் விகிதம் 0.036-க்கு மேல் இல்லை என்கிறது. ஆற்றலாக மாற்றினால் மேல்வரம்பு சுமார் 1.4×10¹⁶ கிகா எலக்ட்ரான் வோல்ட். செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவியின் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட்டைப் போல் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி மடங்கு. ஆனால் இது ஒரு மேல்வரம்பு மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம்விடச் சுவையானது, ஒளியின் தளவிளைவுத் தளம் வரும் வழியில் சற்றுத் திரும்பியிருக்கலாம் என்ற குறிப்பு. 2020-இல் மினாமியும் கோமட்சுவும் பிளாங்கின் தரவுகளிலிருந்து 0.35 பாகைத் திருப்பத்தைக் கண்டார்கள், பிழை 0.14. 2022-இல் பிளாங்குக்கு முந்தைய விண்கலமான டபிள்யூமேப்பின் தரவுகளையும் சேர்த்துச் செய்த பகுப்பாய்வில் அது 3.6 பிழை வரம்புகளாக உயர்ந்தது. இடதையும் வலதையும் வேறுபடுத்தும் ஆக்சியான் போன்ற புலம் ஒன்று வெளியெங்கும் நிறைந்திருந்தால் இத்தகைய திருப்பம் இயல்பாகவே வரும். திட்ட மாதிரிக்கு அப்பால் நம்மை இட்டுச் செல்லக்கூடிய அடையாளம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் இதையே சொல்வேன்.

வில்லைக்கோட்டம்:

கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு குறைவு. பிளாங்கின் உணரிகள் விண்கலத்தில் எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டிருந்தன என்பதில் உள்ள ஐயமே 0.3 பாகை அளவுக்கு இருக்கிறது. தேடும் விளைவும் அதே அளவு. இதைக் கடப்பதற்கு அவர்கள் செய்த உத்தி அறிவார்ந்ததுதான்: நம் விண்மீன் மண்டலத் தூசியின் ஒளி மிக அருகிலிருந்து வருவதால் திரும்புவதற்கு வாய்ப்பில்லை, ஆகவே தூசியில் தெரியும் திருப்பம் உணரியின் பிழை, பின்னணியில் மட்டும் கூடுதலாகத் தெரிவதே உண்மையான திருப்பம். ஆனால் தூசி தன்னளவிலேயே இடம் வலம் பேதமின்றி நடந்துகொள்கிறது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. காந்தப்புலமும் தூசி இழைகளும் சற்றே கோணல்மாணலாக அமைந்திருந்தால் அதே போன்ற அடையாளத்தை அது தானே உண்டாக்கும். 2014-இல் தூசியிடம் சூடுபட்ட ஒரு துறை, தூசியையே அளவுகோலாகக் கொண்ட முடிவை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். உணரிகளின் கோணத்தைத் தரையிலேயே தனியாக அளவுதிருத்தம் செய்த தொலைநோக்கி ஒன்று, தூசியைச் சாராமல் அதே 0.3 பாகையைக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.

துகள்வேட்டை:

அந்த நிபந்தனையை ஏற்கிறேன். ஆனால் தூசி ஒரு அதிர்வெண்ணில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் ஒளிர்கிறது. 2022 பகுப்பாய்வில் திருப்பம் அதிர்வெண்ணோடு குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை என்பதையும் தராசில் வைக்க வேண்டும்.

அலைமுகடு:

நெடுவழி, மேலே சொன்னவற்றை நீங்களே சரிபார்க்க விரும்பினால், திறன் நிறமாலையைக் கணக்கிடும் கிளாஸ் அல்லது கேம்ப் நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், மடிக்கணினியில் சில நொடிகளில் ஓடும். பயனுறு எண்ணிக்கையை 3.044-இலிருந்து 4.044-க்கு உயர்த்துங்கள். அதை மட்டும் மாற்றினால் எல்லா முகடுகளும் கலைந்து எதுவும் புரியாது. ஆகவே ஒலியின் கோணம் மாறாதபடி ஹபிள் மாறிலியையும், பருப்பொருளும் கதிர்வீச்சும் சமமான காலம் மாறாதபடி இருண்ட பொருளின் அடர்த்தியையும் சேர்த்து உயர்த்துங்கள். சாதாரணப் பருப்பொருளைத் தொட வேண்டாம். முதல் முகடு ஏறத்தாழ அசையாமல் இருக்க, வலது கோடி தாழ்வதைக் காண்பீர்கள். அதன் பின் ஹீலியத்தின் பங்கைக் குறைத்து அந்தத் தாழ்வை ஈடுகட்டுங்கள். உயரங்கள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், முகடுகளின் இடம் மட்டும் சிறிது விலகியே நிற்கும். கிளாஸில் நியூட்ரினோவின் பாகுநிலையைக் குறிக்கும் அளபுரு ஒன்று இருக்கிறது. தடையின்றிப் பாயும் துகளுக்கு உரிய மதிப்பிலிருந்து அதைச் சுழியாக மாற்றினால், ஆற்றல் அப்படியே இருக்க, நியூட்ரினோ ஒரு திரவம்போல் நடந்துகொள்ளும். அப்போது முகடுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைத் தளவிளைவு நிறமாலையில் பாருங்கள். அங்கே முகடுகள் கூர்மையானவை என்பதால் வெப்பநிலை நிறமாலையைவிடத் தெளிவாகத் தெரியும்.